பினாங்குக்கு வரும் தமிழ் வருகையாளரும் குடிநுழைவுச் சட்டமும்

மலாயாத் தமிழர் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிமுறையையும் கங்காணிமுறையையும் தோட்ட வாழ்க்கையையுமே தம் ஆய்வுப்பொருளாகக் கொண்டனர். வந்தவர்கள் எத்துணைப் பேர், எவ்வூரினர், எந்நிலையில் உழைத்தனர் என்பன பற்றி இன்று நமக்கு ஓரளவு தெளிவு உண்டு. ஆனால் தமிழகத்திலிருந்து பினாங்குத் துறையில் வந்திறங்கிய ஒருவரைச் சட்டம் எப்பெயரால் அழைத்தது, அப்பெயர் எப்போது மாறியது என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்பட்டதில்லை. வணிகராகவும் தொழிலாளராகவும் உறவினராகவும் வந்தவர்கள் ஒரு கட்டத்தில் 'வருகையாளர்' ஆயினர். அதன் பின்னர் வந்த நோக்கத்தையும் திரும்பிச் செல்லும் நாளையும் எழுத்தில் காட்டவேண்டிய கடமை அவர்களைச் சேர்ந்தது.

இது பழங்கதையன்று. கோயில் திருப்பணிக்குச் சிற்பியையோ, கருத்தரங்கிற்குப் பேராசிரியரையோ, மகள் திருமணத்திற்குத் தாய்மாமனையோ தமிழகத்திலிருந்து அழைக்கும் எவரும் இன்றும் எதிர்கொள்ளும் செய்தியாகும். விதிகள் ஏன் இவ்வாறு அமைந்தன என்று அறியாமல் விண்ணப்பம் செய்வோர் இடர்ப்படுகின்றனர். ஆகவே வரலாற்றையும் நடைமுறையையும் சேர்த்து விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

தடையிலாப் போக்குவரத்து

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவினார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர்கள் அதன் தொடக்கக் காலம் முதலே அங்கு வாழ்ந்தனர். 1794இல் லைட் எழுதிய குறிப்பொன்று சூலியர் ஏறத்தாழ ஆயிரவர் அத்தீவில் இருந்ததாகவும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆடவர் வரை கப்பல்களில் வந்து உழைத்துப் பொருளீட்டித் திரும்பியதாகவும் தெரிவிக்கிறது. இக்குறிப்பைப் பலரும் தமிழரின் தொன்மைக்குச் சான்றாகவே எடுத்தாளுகின்றனர். அதில் நோக்கத்தக்க வேறொன்றும் உண்டு. வந்தவர்களுள் மிகப் பலர் குடியேற வந்தவரல்லர். வந்து, உழைத்து, திரும்பி, மீண்டும் வந்தவர்கள். இன்றைய சட்டம் 'வருகையாளர்' என்றும் 'தொழிலாளர்' என்றும் 'குடியேறி' என்றும் மூன்றாகப் பிரித்துக் காணும் நிலைகள் அன்று ஓர் ஆளிடமே ஒருங்கிருந்தன.

அக்காலத்தில் இதற்குத் தடையும் இல்லை. 1867 ஏப்ரல் முதல் நாள் வரை நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டன. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குச் செல்வது ஓர் ஆட்சிப்பரப்பின் ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்குச் செல்வதேயாகும். 1867க்குப் பின் ஆட்சி இலண்டனின் குடியேற்ற அலுவலகத்திற்கு மாறியபோதும், தமிழர் பிரித்தானியப் பேரரசின் குடிகள் என்ற நிலையில் மாற்றமில்லை. 1930இல் நீரிணைக் குடியேற்றங்கள் குடிநுழைவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தின. 1933இல் அயலார் சட்டம் வந்தது. உலகப் பொருளாதாரச் சரிவால் வேலையின்மை பெருகிய காலம் அது. இவ்விரு சட்டங்களின் சுமையும் சீனத் தொழிலாளர்மீதே விழுந்தது. பேரரசின் குடிகளான தமிழர் சட்டத்தின் பார்வையில் 'அயலார்' அல்லர்.

தமிழ்த் தொழிலாளரின் வருகைக்கு வரம்பிட்டது மலாயா அன்று, இந்தியா. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டம் 1923 முதல் தொழிலாளரின் பயணத்தைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டதை ஒட்டி எழுந்த பூசலின் முடிவில், 1938 ஜூன் மாதம் உதவிப் பயணச்சீட்டில் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. கங்காணிமுறை அத்துடன் முடிவுற்றது. தம் செலவில் கப்பலேறியவரை இத்தடை தடுக்கவில்லை. ஆதலால் ஜார்ஜ்டவுனின் கடைத்தெருக்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வருவது தொடர்ந்தது.

இக்கடைத்தெருக்களின் ஆள்முறையைச் சற்று விரிவாகக் காண்பது தகும். ஏனெனில் பின்னர் வந்த சட்டம் உடைத்தது இதனையே. பினாங்கு வீதியில் கிட்டங்கி நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் வட்டிக்கடைகளை மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற படிநிலையில் நடத்தினர். மேலாள் ஏறத்தாழ மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார். அவரிடத்திற்கு வேறொருவர் வருவார். குடும்பம் செட்டிநாட்டிலேயே இருக்கும். தமிழ் முஸ்லிம் வணிகரிடையேயும் இதனையொத்த வழக்கம் இருந்தது. அண்ணன் சில ஆண்டுகள் கடையைப் பார்ப்பார். அவர் ஊருக்குச் சென்றதும் தம்பியோ மைத்துனனோ வந்து கடையை ஏற்பார். கடை பினாங்கில், குடும்பம் ஊரில், நடுவில் கப்பல் என்ற ஒழுங்கு இது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறை, சிங்கப்பூர் என்ற வழியில் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய 'ரஜுலா' கப்பலைப் பற்றிய நினைவுகள் இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் பேசப்படுவதற்கு இவ்வொழுங்கே காரணம் எனலாம்.

1953

போருக்குப் பின் அரசியல் அடித்தளமே மாறியது. 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. 1948 பிப்ரவரியில் பினாங்கு மலாயாக் கூட்டமைப்பின் ஓர் அங்கமாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் அடையாள அட்டை வழக்கிற்கு வந்தது. 'பேரரசின் குடி' என்ற பொதுப்பெயர் பொருளற்றுப்போய், யார் இந்நாட்டவர், யார் பிறநாட்டவர் என்ற கணக்கெடுப்பு தொடங்கிய காலம் இது.

1952ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்ட் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்நாளே தமிழக–பினாங்கு உறவின் வரலாற்றில் பெரும் பிளவுக்கோடு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1938ஆம் ஆண்டினை நம் நூல்கள் பெரிதும் வலியுறுத்துகின்றன. தோட்டத் தொழிலாளரை மட்டும் நோக்கின் அது சரியே. நகரத்துத் தமிழருக்கோ 1953தான் கதவு மூடிய ஆண்டு. நாட்டின் வணிகத்திற்கும் தொழிலுக்கும் துணைபுரியக் கூடியவர், உள்நாட்டில் கிடைக்காத சிறப்புத் திறன் உடையவர், இங்கு வாழ்வோரின் குடும்பத்தார், இரக்கத்திற்குரிய தனிச்சூழலில் உள்ளோர் என்ற வகையினர்க்கே நுழைவு என்று அச்சட்டத்தின் நடைமுறை வகுத்தது. எளிய கடைச்சிப்பந்தி இவற்றுள் எவ்வகையிலும் அடங்கான். அண்ணனுக்கு மாற்றாகத் தம்பி வரும் வழி அன்றே அடைபட்டது.

சட்டம் இரண்டாவதாகச் செய்தது இன்னும் நுட்பமானது. இங்கு ஏற்கெனவே வாழ்ந்தவரும் நாட்டைவிட்டு வெளியேறினால் மீள்நுழைவு அனுமதி பெற்றே திரும்ப இயலும் என்ற நிலை உருவாயிற்று. அனுமதியின் காலம் முடிவதற்குள் திரும்பவேண்டும். தாயின் நோய்க்கோ தங்கையின் திருமணத்திற்கோ ஊர் சென்றவர் அங்கேயே சில காலம் தங்குவது முன்பு இயல்பு. இப்போது அது வேலையையும் வீட்டையும் இழக்கும் இடராயிற்று. 1959இல் விதிகள் மேலும் இறுக்கப்பட்டபோது மனைவி மக்களின் வருகையும் நெருக்கடிக்குள்ளானது. கணவன் மனைவி பிரிந்து வாழ்ந்த ஆண்டுகளும் பிள்ளைகளின் வயதும் கணக்கிடப்பட்டன. குடும்பத்தை ஊரில் விட்டுவந்து பொருளீட்டுவதே வழக்கமாக இருந்த சமூகத்தில், அவ்வழக்கமே குடும்பம் இணைவதற்குத் தடையாக மாறியது.

1957இல் நாடு விடுதலை பெற்றபின் பலர் குடியுரிமை பெற்றனர். பலர் பெறவில்லை. ஊரும் இந்நாடும் இரண்டுமே வேண்டும் என்றிருந்தவர்களுக்கு அத்தேர்வு எளிதாக இருந்திருக்க முடியாது. இவர்கள் சிவப்பு அடையாள அட்டையுடன் நிரந்தரவாசிகளாக நின்றனர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1969 மே 13க்குப் பின் அது கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டதும், குடியுரிமை பெறாதோர் வேலை பார்க்கத் தனி அனுமதி பெறவேண்டும் என்றாக்கின. அந்நாள்களில் பல்லாயிரம் தமிழர் கப்பலேறித் திரும்பினர். இந்நாட்டில் பிறந்து குடியுரிமை பெற்ற பிள்ளைகளை விட்டு, அனுமதி கிடைக்காத பெற்றோர் மட்டும் திரும்பிய நிலையும் உண்டு. பின்னர் அப்பெற்றோர் தம் மக்களைக் காண வரும்போது அவர்களும் வருகையாளரே.

'ரஜுலா'வுக்குப் பின் அத்தடத்தில் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பற்றியது. அதனோடு பயணிகள் கப்பல் தொடர்பு அற்றது. வானூர்தியே ஒரே வழியாயிற்று. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இண்டிகோ நிறுவனம் நேரடி வானூர்திச் சேவையைத் தொடங்கியது 2024 டிசம்பரில்தான்.

விசாவும் பாஸும்

மலேசியாவில் இன்று நடைமுறையில் உள்ளது 1959/63ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம். 155ஆம் சட்டம் என்று அது குறிக்கப்பெறும். அதன் 6ஆம் பிரிவின்படி குடிமகனல்லாத எவரும் நுழைவு அனுமதியோ முறையாக வழங்கப்பட்ட பாஸோ இன்றி நாட்டினுள் நுழைதல் குற்றமாகும். பாஸ்களின் வகைகளை 1963ஆம் ஆண்டின் குடிநுழைவு ஒழுங்குவிதிகள் வரையறுக்கின்றன. வருகைப் பாஸ், வேலைப் பாஸ், சார்ந்தோர் பாஸ், மாணவர் பாஸ் முதலியன அவை.

விசாவும் பாஸும் வெவ்வேறானவை என்பதைக் கற்றவர்களும் அறியாதிருப்பதைக் காண்கிறோம். விசா என்பது வெளிநாட்டிலுள்ள மலேசியத் தூதரகமோ அதன் இணையவழி முறையோ வழங்கும் ஒப்புதல். இவர் நம் எல்லைவாயிலுக்கு வந்து நுழைவு கேட்கலாம் என்பதே அதன் பொருள். எல்லைவாயிலில் உள்ள அதிகாரி கடப்பிதழையும் ஆளையும் நோக்கி, வினவி, மனநிறைவு கொண்டபின் வழங்குவதே பாஸ். விசா இருந்தும் பாஸ் மறுக்கப்படலாம். விசா விலக்கு இருப்பினும் பாஸ் பெற்றே உள்ளே வரவேண்டும். விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டோர், 'விசா கொடுத்துவிட்டு எப்படி மறுக்கலாம்' என்று கேட்பதன் காரணம் இவ்வேறுபாட்டை அறியாமையே.

தமிழாசிரியர்கள் கவனிக்கத்தக்க ஒரு சொல்லாய்வும் இங்கு உண்டு. 'விசா' என்னும் சொல் இலத்தீன் மூலமுடையது. 'பார்க்கப்பெற்றது' என்பது அதன் அடிப்பொருள். தாளை ஓர் அதிகாரி பார்த்தார் என்பதற்கு மேல் அது எதனையும் உறுதிசெய்வதில்லை. நம் வழக்கில் இதற்கு 'நுழைவிசைவு' என்று பெயரிட்டோம். நுழைய இசைவு தருவது பாஸாகும், விசா அன்று. தூய தமிழாக்கம் வேண்டும் என்ற நல்ல நோக்கில் பிறந்த சொல், சட்டப் பொருளில் பிழையான இடத்தில் பொருந்திவிட்டது. 'கடப்பிதழ்' என்ற சொல்லோ மிகப் பொருத்தமாக அமைந்தது. எல்லையைக் கடக்க உதவும் இதழ் என்று சொல்லே பொருள் உரைக்கிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் வழங்கும் 'கடவுச்சீட்டு' இதனோடு ஒத்ததே. இலங்கையில் 'குடிவரவு' எனவும் இங்கு 'குடிநுழைவு' எனவும் வழங்கும் சொற்களும் ஒப்புநோக்கத்தக்கன. முன்னது வருகின்ற மாந்தரை முன்னிறுத்துகிறது. பின்னது வாயிலை முன்னிறுத்துகிறது. மக்கள் பேச்சில் இவையெல்லாம் 'பெர்மிட்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. அதனால்தான் 'பெர்மிட் முடிந்துவிட்டது' என்று ஒருவர் சொல்லும்போது எது முடிந்தது என்று மீண்டும் கேட்கவேண்டியுள்ளது.

விசாவிலும் இருவகை உண்டு. தூதரகமே முடிவு செய்து வழங்குவது 'விசா தன்பா ருஜுக்கான்', அதாவது மேற்பரிந்துரை வேண்டாத விசா. மலேசியாவிலுள்ள குடிநுழைவுத் துறையிடம் இங்குள்ள ஒருவர் முன்னரே விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றபின் வழங்கப்படுவது 'விசா டெங்ஙான் ருஜுக்கான்'. குறுகிய கால உறவுமுறை வருகைக்கு முதல்வகை. நீண்ட காலம் தங்குவோர்க்கும் வேலை, கல்வி முதலியவற்றுக்கு வருவோர்க்கும் இரண்டாவது வகை.

திறப்பதும் மூடுவதும்

2000ஆம் ஆண்டுக்குப் பிந்திய கால் நூற்றாண்டில் இந்தியக் குடிமக்களுக்கான வருகை விதிகள் பலமுறை மாறின. சுற்றுலாவை வளர்க்கும் நோக்கில் ஒரு காலத்தில் வந்திறங்கியபின் விசா பெறும் வசதி வழங்கப்பட்டது. 2010 ஆகஸ்டில் அது நிறுத்தப்பட்டது. அவ்வாறு வந்தவருள் ஏறத்தாழ 40,000 இந்தியர் திரும்பிச் செல்லவில்லை என்றும் அவர்களுள் பெரும்பாலோர் சென்னைவழி வந்தவர் என்றும் அரசு அப்போது காரணம் கூறியது. பின்னர் இணையவழி விசா வந்தது. 2017இல் பதினைந்து நாள் தங்குவதற்கு இணையவழிப் பதிவு போதும் என்ற எளிய முறை இந்தியருக்கு நீட்டிக்கப்பட்டது. 2023 டிசம்பர் முதல் நாளிலிருந்து இந்தியக் கடப்பிதழ் உடையோர் விசா இன்றி முப்பது நாள் வரை தங்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. இச்சலுகை 2026 டிசம்பர் இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.

இவ்வாறு திறப்பதற்கும் மூடுவதற்கும் அடியில் ஓர் ஒழுங்கு உண்டு. உணவகம், முடிதிருத்தகம், பழைய இரும்புத் தொழில் முதலிய துறைகளில் ஆள் தேவை நீங்காமல் உள்ளது. அத்துறைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளரை வரவழைப்பதை அரசு அவ்வப்போது நிறுத்திவைக்கிறது. வேலைப் பாஸின் வாயில் மூடும்போது தேவை மறைவதில்லை. முகவர்கள் ஆட்களைச் சுற்றுலாப் பயணி என்ற பெயரில் அழைத்துவருகின்றனர். தங்கிவிட்டோரின் எண்ணிக்கை உயர்கிறது. உடனே வருகையின் வாயிலும் இறுக்கப்படுகிறது. அப்போது இடர்ப்படுபவர் பேரன் பேத்தியைக் காணவரும் முதியவர். முகவரோ வேறு வழி தேடிக்கொள்கிறார். வருகை விதிகளைக் கண்டிப்போர் தொழிலாளர் விதிகளையும் சேர்த்து நோக்காவிட்டால் இச்சிக்கலின் வேர் விளங்காது.

சுற்றுலாப் பயணியாக வந்து வேலைசெய்பவரின் நிலை இரங்கத்தக்கது. இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர் போன்றோரின் கடப்பிதழில் குடியகல்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வேலைக்குச் செல்லும்போது முன்னனுமதி பெறவேண்டிய நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. சம்பளமும் ஒப்பந்தமும் சரிபார்க்கப்படுவதற்காகவே இந்த ஏற்பாடு. வருகையாளராக வருபவர் இப்பாதுகாப்பை முற்றாக இழக்கிறார். ஊதியம் தரப்படாவிட்டாலும் முறையிட அஞ்சுகிறார். அவர் கடப்பிதழ் பெரும்பாலும் பிறர் கையில் இருக்கும்.

சட்டத்தின் தண்டனையும் சிறிதன்று. 15ஆம் பிரிவின்படி பாஸ் காலாவதியான பின்னரும் தங்கியிருப்பவருக்குப் பத்தாயிரம் வெள்ளிக்குக் குறையாத தண்டமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 6ஆம் பிரிவை மீறி நுழைந்தவருக்கு 2002ஆம் ஆண்டுத் திருத்தம் பிரம்படியையும் சேர்த்தது. விருந்தோம்பும் குடும்பத்தார் அறியவேண்டியது 56ஆம் பிரிவு. சட்டத்தை மீறித் தங்கியிருப்பவருக்குப் புகலிடம் அளித்தல் ஒவ்வோர் ஆளுக்கும் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் வெள்ளி வரை தண்டத்திற்கும் சிறைக்கும் உரிய குற்றமாகும். நாள் கடந்தும் மாமனை வீட்டில் வைத்திருப்பவர் இப்பிரிவின்கீழ் வரக்கூடும் என்பதை நம்மவர் எண்ணிப்பார்ப்பதில்லை. காலாவதியாகித் தங்கியோர் தண்டத்தொகை செலுத்தி ஊர் திரும்பும் திட்டங்களை அரசு அவ்வப்போது அறிவித்துள்ளது. 2019 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நடந்த திட்டத்தில் அத்தொகை 700 வெள்ளி. 2024 மார்ச்சிலும் அத்தகைய திட்டம் தொடங்கப்பட்டது. இவை சலுகைகள், உரிமைகள் அல்ல. அடுத்தது எப்போது வரும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

வாயிலில் கேட்கப்படுவன

விசா விலக்கு வந்தபின் ஆய்வு முழுவதும் எல்லைவாயிலுக்கு இடம்பெயர்ந்தது. முன்பு சென்னையில் விண்ணப்பம் மறுக்கப்பட்டவர் கட்டணத்தை மட்டுமே இழந்தார். இன்று மறுக்கப்படுபவர் விமானச் செலவையும் இழந்து, நிலையத்தின் அறையொன்றில் காத்திருந்து, அடுத்த வானூர்தியில் திரும்புகிறார். இவ்வாறு திருப்புவதை 'நாட் டூ லேண்ட்' என்று குறிப்பர். தாள்வேலை குறைந்தது உண்மை. வருபவர் ஏற்கும் இடர் கூடியுள்ளது என்பதும் உண்மை.

2024 ஜனவரி முதல் வருகையாளர் மலேசிய மின்னியல் வருகை அட்டையைப் பயணத்திற்கு முந்திய மூன்று நாள்களுக்குள் நிரப்பவேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவாயினும் அரசுக்குரியதன்று. இணையம் பழகாத முதியவர்க்காக இங்குள்ள பிள்ளைகளே அதனை நிரப்புகின்றனர். அதில் எழுதிய முகவரியையும் நாள்களையும் வருபவருக்குச் சொல்லிவைக்க மறந்துவிடுகின்றனர். அட்டையில் ஜெலுத்தோங் என்றிருக்க, முதியவர் பட்டர்வொர்த் என்று கூறினால் அதிகாரிக்கு ஐயம் எழுவது இயல்பே.

திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடம், கைப்பணம் ஆகிய மூன்றும் பொதுவாக வினவப்படுவன. மூன்றின் உள்நோக்கமும் ஒன்றே. இவர் திரும்பிச் செல்வாரா என்பதே அது. ஆகவே அழைப்புக் கடிதம் எழுதுவோர் வருபவரின் அன்பையும் உறவையும் நீட்டி எழுதுவதால் பயன் குறைவு. ஊரில் அவருக்குள்ள தொழில், நிலம், குடும்பப் பொறுப்பு, திரும்பும் நாள் ஆகியவற்றைக் காட்டும் தாள்களே உதவும். அழைப்பவரின் பெயர், அடையாள அட்டையின் படி, முகவரி, தொலைபேசி எண் ஆகியன கடிதத்தில் இருத்தல் நலம். அதிகாரி அழைத்துக் கேட்கும்போது தொலைபேசியை எடுக்க ஒருவர் இருத்தல் அதனினும் நலம். 'கடையில் சும்மா ஒத்தாசைக்கு' என்று வருபவர் கூறினால் அது வேலை என்றே கொள்ளப்படும். ஊதியம் பெறவில்லை என்ற விளக்கம் அங்கு எடுபடாது.

பெயர்ச் சிக்கல் நமக்கே உரியது. தமிழகத்தவர் கடப்பிதழில் தந்தை பெயர் குடும்பப்பெயருக்குரிய கட்டத்தில் இருக்கலாம், அல்லது முன்னெழுத்தாகச் சுருங்கியிருக்கலாம், அல்லது அக்கட்டமே வெறுமையாக இருக்கலாம். மலேசியத் தமிழர் பெயரில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்பவற்றின் சுருக்கம் நடுவில் நிற்கிறது. இதற்கு மேல், தோட்டத்துக் கிராணியோ பதிவலுவலரோ காதில் விழுந்தவாறு எழுதிய எழுத்துக்கூட்டல் உண்டு. ஊரில் லட்சுமியாக இருப்பவரின் உடன்பிறந்தாள் இங்கு லெச்சுமி. தந்தை பெயர் ஒரு சான்றிதழில் சுப்பிரமணியம், மற்றொன்றில் சுப்ரமணி. உடன்பிறந்தோர் என்று உலகறிந்த இருவர் தாளளவில் உறவினர் ஆகாமல் நிற்கின்றனர். குறுகிய வருகைக்கு இது பெரிதாகத் தடையாவதில்லை. நீண்டகால வருகைப் பாஸுக்கு உறவை மெய்ப்பிக்கும்போதும், இங்குள்ளோர் இந்திய வம்சாவளியினர்க்கான அட்டைக்கு முன்னோரின் பிறப்பிடத்தைக் காட்டும்போதும் இதுவே முதல் முட்டுக்கட்டை. இருவரும் ஒருவரே என்னும் உறுதிமொழிப் பத்திரத்தை ஆணையர்முன் செய்து இணைப்பதே இன்றுள்ள வழி. பழைய பிறப்புச் சான்றிதழ்கள், காலாவதியான கடப்பிதழ்கள், மீள்நுழைவு அனுமதிகள் ஆகியவற்றைப் பயனற்ற தாள் என்று எரித்துவிடாமல் காத்துவைக்குமாறு மாணவரின் பெற்றோருக்கு ஆசிரியர்கள் எடுத்துரைக்கலாம். ஆய்வாளருக்கும் அவை அரிய மூலங்களே.

பினாங்கில் வாழ்வோர் அறிந்த மற்றொரு பழக்கம், பாஸ் முடியும் தறுவாயில் புக்கிட் காயு ஹீத்தாம் அல்லது பாடாங் பெசார் வழியாகத் தாய்லாந்து சென்று, ஹட்யாயில் ஓரிரவு தங்கித் திரும்பி, புதிய பாஸ் பெறுவதாகும். இப்படித் திரும்பிவருபவருக்கு மீண்டும் முப்பது நாள் தரவேண்டும் என்று எவ்விதியும் கூறவில்லை. கடப்பிதழின் முத்திரைகளை நோக்கும் அதிகாரி, இவர் வருகையாளரா இங்கு வாழ்பவரா என்று கேட்க உரிமையுடையவர். மருத்துவமனைச் சேர்க்கை போன்ற தக்க காரணம் இருப்பின், பாஸ் முடிவதற்கு முன்னரே குடிநுழைவு அலுவலகத்தில் நீட்டிப்பு கோருவதே முறை.

அறிஞரையும் கலைஞரையும் அழைத்தல்

1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் தனிநாயக அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது முதல், தமிழக அறிஞரை இங்கு அழைப்பது நம் துறையின் வழக்கமாயிற்று. பினாங்கின் கோயில்களும் குடமுழுக்கிற்குச் சிற்பிகளையும் விழாக்களுக்கு நாதசுர தவில் கலைஞர்களையும் அழைத்துவருகின்றன. இவ்வழைப்புகளில் வருகைப் பாஸின் எல்லை எது என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது.

பார்வையாளராக வந்து கருத்தரங்கில் அமர்ந்து கேட்பவருக்கு வருகைப் பாஸ் போதும். பயிலரங்கு நடத்தவும், தொடர் வகுப்பெடுக்கவும், மதிப்பூதியம் பெறவும் வருபவருக்குத் தொழில்முறை வருகைப் பாஸ் உரியது. 'பாஸ் லாவாத்தான் இக்திசாஸ்' என்பது அதன் மலாய்ப் பெயர். வெளிநாட்டு நிறுவனமொன்றின் பணியில் இருந்துகொண்டே இங்குள்ள நிறுவனத்திற்காகக் குறுகிய காலம் பணியாற்ற வருவோர்க்கு அது வழங்கப்படுகிறது. ஒருமுறையில் பன்னிரண்டு மாதத்திற்கு மேற்படாது. அழைக்கும் நிறுவனமே விண்ணப்பிக்கவேண்டும், வருபவர் அன்று. ஆதலின் விழா நாளுக்கு இரு வாரம் இருக்கையில் தொடங்கும் ஏற்பாடுகள் தோல்வியுறுகின்றன. அழைப்பிதழ் அச்சிடுவதற்கு முன்னரே விண்ணப்பம் அளிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இச்சிரமத்திற்கு அஞ்சி, 'சுற்றுலா வந்ததாகச் சொல்லிவிடுங்கள்' என்று அறிஞரிடம் கூறும் அமைப்பாளரும் உளர். எழுபது வயதுப் பேராசிரியர் ஒருவரைப் பெட்டி நிறையத் தம் நூல்களுடனும் சொற்பொழிவுக் குறிப்புகளுடனும் அதிகாரியின்முன் நிறுத்தி, ஊர்சுற்ற வந்தேன் என்று சொல்லவைப்பது முறையன்று. அவர் பொய்யுரைத்ததாகப் பதிவானால் பிற்காலப் பயணங்கள் அனைத்தும் பாதிக்கப்படும். அழைத்த அமைப்பின் பெயரும் அப்பதிவில் இருக்கும். ஒரு நாள் உரைக்கு ஊதியமின்றி வருபவரும் அழைப்புக் கடிதம், நிகழ்ச்சி நிரல், செலவை யார் ஏற்கிறார் என்ற குறிப்பு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டால் உள்ளதை உள்ளவாறே கூறவேண்டும். கடிதம் தமிழில் மட்டும் இருப்பின் வாயிலில் படிப்பார் இலர். ஆதலால் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு படி இணைத்தல் வேண்டும்.